இரண்டாவது கன்ட்ரோலர்

கெல்சன்கிர்ஷனில் மூன்றாவது மாடி.
மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே
ஆன்ஸ்கர் சொல்லிவிட்டார்:
"குடையை அலமாரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்."
சுவரில் ஈரமானி. நாற்பத்தைந்து விழுக்காடு.
திரைச்சீலையை விலக்கி எத்தனை வருடமோ;
வெயில் பட்டால் அந்தச் சாம்பல் பிளாஸ்டிக்
புகையிலைக்காரன் பல்லாகிவிடும்.

நான் மதிப்பீட்டாளர்.
விவாகரத்து வழக்குகளில்
பங்கு பிரிக்குமுன் விலை சொல்ல வருகிறவள்.
பியானோ, படகு, தபால்தலை,
ஒருமுறை ஒரு கிளி.
வீடியோ கேம் வீடு இந்த வருடம் இது நான்காவது.

வேலை எளிது.
பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்ப்பேன்.
கருவியைத் திறந்து பலகையை மோந்து பார்ப்பேன்,
மின்தேக்கி கசிந்திருந்தால் மீன் நாற்றம் வரும்.
குறுந்தகட்டை விளக்குக்கு நேரே பிடிப்பேன்;
ஊசித்துளையாய் வெளிச்சம் வந்தால்
அந்த விளையாட்டு செத்துக்கொண்டிருக்கிறது.
பிரிக்காத பெட்டி என்றால்
உறையின் ஒட்டை மட்டும் பார்த்தால் போதும்.
உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை.
யாரும் பார்க்காததற்குத்தான் விலை.

"இதைத் தொண்ணூற்றாறில் எழுபது மார்க்குக்கு வாங்கினேன்.
விலைச்சீட்டை உரிக்கவே இல்லை, பாருங்கள்."
பார்த்தேன்.
கடை போய்விட்டது, மார்க்கும் போய்விட்டது,
சீட்டு இருக்கிறது.
"எண்ணூறு யூரோ," என்றேன்.
சமையலறையிலிருந்து ஹைகே:
"அந்த மாதம் வாஷிங் மெஷின் வாங்குவதாக இருந்தது."
குரலில் கோபமில்லை.
யாரோ நாள் கேட்டதற்குக் கிழமை சொன்னதுபோல்.

நூற்றுப் பதினேழு பொருள்கள்.
நாலு மணிக்குக் கடைசித் தட்டு:
அவர்கள் முதன்முதலில் வாங்கிய சூப்பர் நிண்டெண்டோ,
பெட்டியோடு, தெர்மோகோலோடு,
கன்ட்ரோலர் இரண்டு.

ஒன்றின் திசைச் சிலுவை
வழுக்கைத் தலையாய் மின்னியது.
கட்டைவிரல் அதில் தனக்கென்று
ஒரு பள்ளம் பறித்து வைத்திருந்தது.

மற்றது
தொழிற்சாலை மடிப்புக் கலையாமல்,
கட்டிய முறுக்குக் கம்பி கழற்றாமல்.

முப்பது வருடம்.

"புத்தம் புதுசு," ஆன்ஸ்கருக்குப் பெருமை தாங்கவில்லை,
"இதற்குத் தனி விலை போடலாம், இல்லையா?"
போடலாம்தான். போட்டேன்.
எழுதி முடிக்கும்போது
ஹைகே கதவருகில் வந்து நின்றிருந்தார்.
"அது எனக்கென்று வாங்கியது."

விதி உண்டு, சோதித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.
இரண்டையும் ஒருத்தியால் சோதிக்க முடியாது என்றேன்.
முடியும். எத்தனையோ வீட்டில் செய்திருக்கிறேன்.

முறுக்கை அவிழ்த்தது ஹைகே.
நிமிர மாட்டேன் என்று
சுருண்டுகொண்டே இருந்தது வயர்.
திரையில் நீல வானம், ஒரு மரப்பாலம்,
பொத்தான் அளவில் இரண்டு ஆட்கள்.
ஹைகேயின் ஆள் மூன்றடி நடந்து
பள்ளத்தில் விழுந்தான்.

"முன்னாடியே அழுத்தணும்."
"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மறுபடி விழுந்தான்.
மறுபடி.
ஆன்ஸ்கரின் ஆள் அக்கரையில்
நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தான்,
முன்னே போகத் தெரிந்தும்.
ஐந்தாம் முறை அவள் தாண்டியபோது
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஈரமானியைப் பார்த்தேன்:
நாற்பத்தேழு.

அப்படியெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.
வழக்கு நவம்பரில் முடிந்தது,
பியானோ வீடுபோலவே, கிளி வீடுபோலவே.

வாசலில் குடையை நீட்டியபடி
ஆன்ஸ்கர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"இப்போது அதன் விலை குறைந்திருக்குமோ?"
மடிப்புக் கலைந்துவிட்டதே, குறையும்தான்.
பதினைந்து யூரோ.
அறிக்கையில் நான் அதைத் திருத்தவில்லை.
கட்டணச் சீட்டில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்:
சோதனை, பதினோரு நிமிடம்,
இருவர் பெயரிலும், பாதிப் பாதி.